விருப்பப் பாடம்

ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்கும் நாட்களில் நம் இல்லங்களில் கல்லூரிப் பேச்சே பேச்சாக இருக்கும். எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம், எவ்வளவு கட்டணம் என்பன பற்றி உற்றாரும் உறவினரும் ஓயாது கருத்துரைப்பர். இடம் கிடைத்துவிட்டால் பெரிய பாரம் இறங்கிற்று என்று பெற்றோர் பெருமூச்சு விடுவர். ஆனால் ஆங்கில இலக்கியம் பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இரண்டாண்டுகள் கழித்து மற்றொரு கேள்வி எழுகிறது. மேல்வகுப்பில் எந்த இலக்கியப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது என்பதே அக்கேள்வி. இதற்கு விடை கூற அத்தையும் முன்வருவதில்லை, மாமனும் முன்வருவதில்லை, பக்கத்து வீட்டு எஞ்சினியரும் முன்வருவதில்லை. பிள்ளை தனியே நிற்கிறது. இத்திங்கள் அக்கேள்வியைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அல்சூரில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நண்பரின் தந்தையார் வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்து சுரங்கத்தில் உழைத்தவர். நண்பர் அங்கே பிறந்து, பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் பணியேற்று, இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். அவருடைய ஒரே மகள் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறாள். நாம் சென்றபொழுது அவள் கையில் கல்லூரியார் கொடுத்த தாள் ஒன்று இருந்தது. அதில் விருப்பப் பாடங்கள் எட்டு அச்சிடப்பட்டிருந்தன: ஷேக்ஸ்பியர், அமெரிக்க இலக்கியம், காலனி ஆட்சிக்குப் பிந்தைய நாடுகளின் இலக்கியம், பெண் எழுத்து, இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கியம், இலக்கியமும் திரைப்படமும், மொழிபெயர்ப்பு, இதழியல். இவற்றுள் இரண்டைக் குறித்து மறுநாளே கொடுத்துவிட வேண்டுமாம்.

"இதழியலையும் திரைப்படத்தையும் எடுத்துக்கொள் என்கிறேன். நாளை ஒரு வேலைக்கு உதவுமல்லவா? நீங்களே சொல்லுங்கள்" என்றார் நண்பர். "இவளுடைய தோழிகள் எதை எடுக்கிறார்களோ அதையே இவளும் எடுத்தால் போய்வரத் துணையாயிற்று" என்றார் அவருடைய துணைவியார். பெண் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு மெல்ல, "எனக்கு மொழிபெயர்ப்பில்தான் ஆசை, மாமா. ஆனால் அதை எடுக்க எனக்குத் தகுதியில்லை" என்றாள். கல்லூரியில் நல்ல மதிப்பெண் பெற்றுவரும் பெண் இவ்வாறு கூறியது நமக்கு வியப்பை அளித்தது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். முன்னதாக, இந்தத் தாள் எப்படி வந்தது என்பதை அறிந்துகொள்வது நலம்.

நம் தாத்தாக்களின் காலத்தில் இப்படிப்பட்ட தாள் ஏதும் இருந்ததில்லை. பெங்களூரின் சென்ட்ரல் கல்லூரி 1858இல் ஓர் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கியது. அங்குக் கல்லூரிப் படிப்புப் படித்தவர்கள் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளையே எழுதினார்கள். 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. பல்கலைக்கழகம் மாறியதேயன்றி, ஆங்கில வகுப்பில் வைக்கப்பட்ட நூல்கள் எளிதில் மாறவில்லை. ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த் என்று மேலிருந்து வந்த பட்டியலை ஆசிரியர் நடத்தினார்; மாணவர் படித்தார். விருப்பம் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை.

அந்தக் கதவைத் திறந்தவர்களுள் நம் பக்கத்து அறிஞர்கள் சிலரும் உண்டு என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும். மைசூர் மகாராஜா கல்லூரியின் பேராசிரியர் சி. டி. நரசிம்மையா, இங்கிலாந்து ஒன்றையே நோக்கியிருந்த ஆங்கில வகுப்பில் இந்திய, அமெரிக்க, ஆஸ்திரேலிய எழுத்துகளுக்கும் இடம் தேடித் தந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறையைக் கட்டி வளர்த்த கே. ஆர். சீனிவாச ஐயங்கார் தமிழர். கணிதம் பயின்று ஆங்கிலத்திற்கு வந்தவர். அவர் 1959இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில், இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். அவற்றிலிருந்து வளர்ந்த பெருநூல் 1962இல் வெளிவந்தது. கடல் கடந்த நாடுகளிலும் இதே எண்ணம் முளைத்தது. கென்யாவின் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1968இல் கூகி வா தியாங்கோவும் அவருடைய தோழர்கள் இருவரும், ஆங்கிலத் துறையையே எடுத்துவிட்டு, ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைத்துப் பிற நாட்டு இலக்கியங்களை அதனைச் சுற்றி அமைக்க வேண்டும் என்று எழுதினார்கள். இலக்கியம் பயில்பவன் எங்கே நின்றுகொண்டு உலகைப் பார்க்கிறான் என்பதே அவர்கள் எழுப்பிய வினா. இன்று நம் வீட்டுப் பெண்ணின் கையிலுள்ள தாளில் எட்டுப் பெயர்கள் இருக்கின்றன என்றால், அதன் பின்னே இத்தனை பேரின் போராட்டம் இருக்கிறது.

தாள் வந்துவிட்டது, அதைக் கையாளும் முறையோ இன்னும் வரவில்லை. கர்நாடகத்தில் 2021இல் புதிய தேசியக் கல்விக் கொள்கையின்படி நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது. 2024இல் மூன்றாண்டு முறை மீண்டது. மேல்வகுப்பு மாணவர் கூறும் அறிவுரைகூடக் கீழ்வகுப்பு மாணவருக்குப் பொருந்தாத நிலை ஏற்பட்டது. இந்நிலையில் பிள்ளைகள் மூன்று வழிகளுள் ஒன்றில் இறங்கிவிடுகிறார்கள். தோழியர் எடுத்ததை எடுப்பது ஒன்று. மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்று பேசப்படுவதை எடுப்பது மற்றொன்று. பெயர் கவர்ச்சியாக இருப்பதை எடுப்பது மூன்றாவது. மூன்றிலும் பிள்ளையின் விருப்பம் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் இருக்கின்றன!

தோழமை கல்லூரி வாயிலோடு நின்றுவிடாது. ஆனால் பாடம் வேறானால் தோழமை குறைந்துபோவதும் இல்லை. எளிதாகத் தோன்றும் பாடம் பல சமயங்களில் அரிதாகிவிடுகிறது. திரைப்படம் என்றவுடன் பொழுதுபோக்கு என்று எண்ணிச் சேருகிறவர்கள், அங்கே கோட்பாட்டு நூல்களின் அடர்த்தியைக் கண்டு திகைப்பதுண்டு. ஆகவே பெயரைப் பாராமல் பாடநூல் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் முழு நூல்கள் எத்தனை, துண்டுப் பகுதிகள் எத்தனை என்று எண்ண வேண்டும். ஒரு நாவலை முழுமையாகப் படித்து, அதனோடு இரண்டு வாரம் மல்லாடிய மாணவன் பெறும் பயனைப் பத்து நாவல்களின் சுருக்கத்தைப் படித்தவன் பெற மாட்டான். பட்டியலில் உள்ள ஒரு நூலை நூலகத்தில் எடுத்து இருபது பக்கம் படித்துப் பார்த்தால், நம் மனம் அதில் நிற்குமா என்பது தெரிந்துவிடும். நடத்தும் ஆசிரியர் யார், தேர்வு மட்டுமா, கட்டுரையும் உண்டா என்று கேட்டறிவதில் குற்றமில்லை. மணமகனைப் பற்றி நூறு பேரிடம் விசாரிக்கும் நாம் பாடத்தைப் பற்றி ஒருவரிடமும் விசாரிப்பதில்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். இரண்டு பாடங்களை எடுக்கலாம் என்றால், ஒன்று நாமே தனியாகப் படிக்கத் துணியாத பாடமாக இருக்கட்டும். இன்று எழுதப்படும் நாவலை எவரும் பேருந்தில் அமர்ந்து படித்துக்கொள்ளலாம். நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஷேக்ஸ்பியரின் மொழி அவ்வாறு வசப்படாது. அருகிலிருந்து சொல்லுக்குச் சொல் திறந்து காட்டும் ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர் கல்லூரியில் கிடைப்பது போலப் பிற்காலத்தில் கிடைக்க மாட்டார்.

வேலை என்னாவது என்று நண்பர் கேட்டார். அது நியாயமான கேள்வியே. நம்மவர் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். பிள்ளைகளின் பிழைப்பை எண்ணுவதை இழிவாகக் கூறுதல் தகாது. ஆனால் கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் எழுதும் நெட் தேர்வின் ஆங்கிலப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பத்துப் பகுதிகள் உள்ளன. நாடகமும் கவிதையும் புனைகதையும் போலவே, இந்தியாவில் ஆங்கிலம் வளர்ந்த வரலாறும் அதில் தனிப் பகுதியாக இருக்கிறது. பதிப்பகமோ பத்திரிகையோ மென்பொருள் நிறுவனத்தின் எழுத்துப் பணியோ எதுவாயினும், பிழையின்றி எழுதுவோரையும் படித்ததன் உட்பொருளை உணர்வோரையுமே தேடுகிறது. இதழியல் ஒரு நல்ல தொழில். அதில் ஆசையுள்ளவர்கள் அதனையே எடுக்க வேண்டும். ஆசையில்லாதவள் அச்சத்தினால் எடுத்தால், அந்தப் பாடமும் அவளுக்கு வராது. விட்டுவந்த பாடமும் மனத்தை விட்டுப் போகாது.

"இலக்கியத்தை வகுப்பில் வைத்துப் படித்தால் இலக்கிய ஆசையே அற்றுப்போகும்" என்போரும் உளர். அவர்கள் ஆர். கே. நாராயணைச் சான்று காட்டுவர். சென்னையில் பிறந்த அவர் மைசூர் மகாராஜா கல்லூரியில் 1930இல் பி.ஏ. பட்டம் பெற்றார். எம்.ஏ. இலக்கியம் படிக்க எண்ணியிருந்தவரை, மேற்படிப்பு உன் இலக்கிய ஆர்வத்தைக் கொன்றுவிடும் என்று கூறி நண்பர் ஒருவர் தடுத்துவிட்டார். நாராயண் அதற்கு இணங்கினார். அவ்வாண்டு விஜயதசமியன்று, இதே பெங்களூரில், பாட்டியார் குறித்துக் கொடுத்த நல்ல வேளையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் எழுதத் தொடங்கியபொழுதே மால்குடி பிறந்தது என்பது நம் ஊருக்குப் புகழ். எனினும் அந்த ஒருவரை வைத்து அனைவருக்கும் விதி வகுத்தல் பொருந்தாது. கோலார் மாவட்டத்தில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1914இல் சென்னையில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். அரசுப் பணியில் இருந்துகொண்டே அவர் கன்னடச் சிறுகதைக்கு உருவம் தந்தார்; 1983ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஆங்கில வகுப்பு அவருடைய ஆசையை அழித்துவிடவில்லை. அங்கே பெற்றதை அவர் தம்மைச் சூழ்ந்திருந்த மக்களின் மொழிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஆயினும், அல்சூர் வீட்டில் அன்று நாம் விரிவாகக் கூறியது வேறொருவர் கதை. ஏ. கே. ராமானுஜன் 1929இல் மைசூரில் ஒரு தமிழ் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் கணிதப் பேராசிரியர். மாடியில் தந்தையாரின் அறையில் ஆங்கிலம். கீழே அடுக்களையில் தாயாரிடம் தமிழ். தெருவில் இறங்கினால் கன்னடம். இது எந்த வீட்டின் கதை? பெங்களூரில் நம்மில் பாதிப் பேரின் வீட்டுக் கதையன்றோ! மகன் கல்லூரியில் முதலாண்டு விஞ்ஞானம் எடுத்தார். தந்தையார் உற்று நோக்கினார். இவனுக்குக் கணித மனம் இல்லை என்று கண்டார். ஆங்கில இலக்கியத்திற்கு மாறும்படி அவரே கூறினார். மகனை விஞ்ஞானத்திலிருந்து இலக்கியத்திற்கு அனுப்பிய கணிதப் பேராசிரியர்! பெற்றோர்கள் இந்த ஒரு செய்தியை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். பிள்ளை எதற்கு ஏற்றவன் என்று அறிய அவர் ஊரார் பேச்சைக் கேட்கவில்லை, பிள்ளையையே பார்த்தார்.

ராமானுஜன் ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றுப் பெல்காம், பரோடா முதலிய ஊர்களில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் அமெரிக்கா சென்று மொழியியல் பயின்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அங்கே 1962இல் ஒரு சனிக்கிழமையன்று, பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி நூலகத்தின் நிலவறைக்குச் சென்றார். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவரே. எனினும் பழந்தமிழை அவர் முறையாகக் கற்றதில்லை. அங்கே, உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பழந்தமிழ்த் தொகை நூல் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது 33. தம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பாடி வைத்ததை, பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நிலவறையில் அவர் முதன்முதலாகப் படித்தார். ஐந்தாண்டுகளில், 1967இல், அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்னும் பெயரில் வெளிவந்தது. 1973இல் கன்னட வசனங்கள், 1981இல் நம்மாழ்வார், 1985இல் மீண்டும் சங்கப் பாடல்கள் என ஒன்றன்பின் ஒன்றாக அவர் கையால் ஆங்கிலத்திற்குச் சென்றன. 1993இல் அவர் மறைந்தார். தமிழறியாத உலகம் சங்கப் பாடலை இன்று கவிதையாகப் படிக்கிறதென்றால், அதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அவருக்கு அதைச் செய்ய முடிந்தது எதனால்? ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, ஒரு வரி ஏன் அங்கே முறிகிறது என்று கவிதையை நுணுகிப் பார்க்கும் பழக்கத்தை ஆங்கில இலக்கியம் அவருக்குத் தந்திருந்தது. காதில் தாயின் தமிழ் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு பாலம் குறைந்திருந்தது: பழைய ஏட்டைப் படிக்கும் பயிற்சி. அதை அவர் முப்பது வயதுக்கு மேல் உழைத்துப் பெற்றார்.

இதனை நாம் கூறி முடித்தபொழுது பெண் எழுந்து உள்ளே சென்று, பழைய தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் அவளுடைய தாத்தா தங்கவயலிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. சில தபால் அட்டைகள். சில கோடிட்ட தாள்கள். ஊர் வீட்டை விற்றபொழுது உறவினர் ஒருவர் திருப்பிக் கொடுத்தவையாம். சுரங்கத்தின் வெப்பம், கூலி, கூடப் பணியாற்றியவனின் மறைவு, மனைவிக்கு அனுப்பிய பணம் எல்லாம் அவற்றில் உண்டு என்று தந்தையார் எப்பொழுதோ கூறியிருக்கிறார். அந்தச் சுரங்கங்களும் 2001இல் மூடப்பட்டுவிட்டன. "மொழிபெயர்ப்புப் பாடத்தில் இறுதியில் பத்துப் பக்கம் நாமே மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும், மாமா. இதுவரை அச்சேறாத எழுத்தாக இருந்தால் மிகவும் நல்லது என்று எங்கள் மேடம் சொன்னார்கள். இதை விட எனக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே!" என்றாள்.

தகுதியில்லை என்று அவள் கூறியதன் பொருள் இதுதான். அவள் தமிழ் பேசுகிறாள். சிரிப்பதும் சினப்பதும் தமிழில்தான். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பயின்றாள். இந்தியும் சில காலம் பயின்றாள். தமிழ் எழுத்தை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. பள்ளிச் சுமையே போதும் என்று அன்று எண்ணியவர் அவளுடைய தந்தையார்தாம். அவர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதழியல் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை.

நேயர்களே, அவரைக் குறை கூற நமக்கு மனமில்லை. நம்முள் பலர் செய்ததையே அவரும் செய்தார். கன்னடம் கற்பித்தது மிக நன்று. இந்நாட்டில் வாழ்வோர் இந்நாட்டு மொழியை அறிதல் கடமை. அது பிள்ளைகளுக்கு ஒரு செல்வமும் ஆகும். ஆனால் ஒரு மொழி வீட்டிற்குள் வந்தது என்பதற்காக மற்றொன்றை ஏன் வெளியே அனுப்பினோம்? ஆங்கில வகுப்பு தன் வாயிலைத் திறந்து, உன் மொழியையும் கொண்டு வா என்று இன்று அழைக்கிறது. அழைக்கும் நேரத்தில் நம் பிள்ளை வெறுங்கையோடு நிற்பது அதன் குற்றமன்று.

இழந்தது மீளாத ஒன்றும் அன்று. தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டவுடன் பிள்ளைகள் மலைத்துப் போகிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; மற்ற 216 எழுத்துகள் இவற்றின் சேர்க்கையே. கன்னடம் படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்தின் அடைவும், மெய்யோடு உயிர் சேரும் முறையும் முன்பே தெரிந்தவை. பேசவும் தெரிந்த ஒருவர் நாள்தோறும் அரை மணி நேரம் செலவிட்டால், சில மாதங்களில் தட்டுத் தடுமாறியேனும் ஒரு கடிதத்தைப் படித்துவிடலாம். கையெழுத்து சற்றே தொல்லை தரும். அதற்கு வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பெண் ஷேக்ஸ்பியரையும் மொழிபெயர்ப்பையும் குறித்துக் கொடுத்துவிட்டாள். தமிழ் கைவராவிட்டால் கன்னடச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்ப்பது என்று ஆசிரியையிடம் பேசி வைத்திருக்கிறாள், அறிவுள்ள பெண். அவ்வீட்டில் இப்பொழுது இரவு உணவுக்குப் பின் தந்தையார் ஒரு கடிதத்தை உரக்கப் படிக்கிறார். மகள் பக்கத்திலிருந்து எழுத்துக்களை விரலால் தொடர்கிறாள். சென்ற வாரம் நாம் சென்றபொழுது நண்பர் ஒரு வரியில் தயங்கி நின்றுவிட்டார். தமக்குக் கண் மங்கிவிட்டது என்றார். கடிதத்தை மகள் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டி, அந்த வரியை அவளே படித்தாள். அவ்வரியில் இருந்தது நண்பரின் பெயர். அவர் பிறந்த செய்தி.

இவ்வாண்டு உங்கள் இல்லத்திலும் இப்படியொரு தாள் வருமாயின், பிள்ளையோடு அமர்ந்து அதனைப் படியுங்கள். எது வேலைக்கு உதவும் என்று கேட்குமுன், எதில் உனக்கு ஆசை, அதற்கு எது தடை என்று கேளுங்கள். தடை நம் வீட்டிலேயே இருக்கவும் கூடும். தமிழ் எழுத்துக் கற்க விரும்பும் கல்லூரிப் பிள்ளைகளும், கற்பிக்க மனமுள்ள பெரியோர்களும் நமக்கு எழுதினால், ஒருவரை ஒருவர் அறியச் செய்யும் பணியை மகிழ்வோடு ஏற்போம்.